கரையாத மருந்தும் நானோ துகளும்



ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். கீமோ மருந்துகளின் அளவைப் பெரும்பாலும் உடற்பரப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அவருடைய உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் என்று வையுங்கள். பேக்லிடாக்சல் என்ற மருந்தைச் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் வீதம் கொடுத்தால் அவருக்கு 280 மில்லிகிராம் வேண்டும். ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள், அவ்வளவுதான். ஆனால் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் இந்தத் தூள் ஒரு மைக்ரோகிராம்கூட முழுசாகக் கரையாது. தாராளமாக ஒரு மைக்ரோகிராம் கரையும் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சிட்டிகையைக் கரைக்க 280 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். அவர் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஐந்து லிட்டருக்குள்தான்.

மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் வழியில்லை. கரைவது கொஞ்சம், அப்படிக் கரைந்து குடலின் செல்லுக்குள் நுழைவதையும் அங்குள்ள ஒரு புரதம் பம்பு வைத்து இறைப்பதுபோல் வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே ரத்தநாளத்தில்தான் ஏற்றியாக வேண்டும். கரையாத ஒன்றை எப்படி ஏற்றுவது? இந்தக் கேள்விக்கு மருந்தியல் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில்களைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

முதலில் இந்த மருந்து வந்த வழி. 1962 ஆகஸ்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆர்தர் பார்க்ளே, வாஷிங்டன் மாநிலத்துக் காடு ஒன்றில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்து அனுப்பினார். தாவரங்களில் புற்றுநோய்க்கு மருந்து கிடைக்குமா என்று அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகம் நடத்திய பெருந்தேடலில் அதுவும் ஒரு மாதிரி. வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் கழகத்தில் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் அந்தப் பட்டையிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, 1971-இல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். வானி மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இத்தனை உயிர்களைத் தொட்ட ஒரு மருந்தைக் கண்டவரின் பெயர் நம் மாணவர்களில் பலருக்குத் தெரியவில்லையே என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

மருந்து கிடைத்தது; அதைத் தொட ஆளில்லை. மரப்பட்டையில் மிகச் சொற்பமாக இருக்கிறது, தண்ணீரில் கரையவும் மாட்டேன் என்கிறது. 1979-இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் அது வேலை செய்யும் விதத்தைக் கண்டு சொன்னபிறகுதான் நிலைமை மாறியது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பங்கிடும் நுண்குழல்கள் செல்லுக்குள் இருக்கின்றன. அவை உடனுக்குடன் கூடிக் கலைந்துகொண்டே இருக்க வேண்டும். பேக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்துவிடுகிறது. செல் பாதி வழியில் நின்று மடிகிறது. நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் இதே நுண்குழல்களைக் கூடவிடாமல் தடுக்கிறது. இலக்கு ஒன்று, செயல் நேர் எதிர். ஆனால் வின்கிரிஸ்டினைச் சல்ஃபேட் உப்பாக மாற்றினால் தண்ணீரில் கரைந்துவிடும். பேக்லிடாக்சலில் அப்படி உப்பாக்குவதற்குப் பிடி எதுவும் இல்லை. 854 என்ற மூலக்கூறு எடையோடு, எண்ணெய்ப் பசையுள்ள பெரிய மூலக்கூறு அது.

பிடி இல்லாவிட்டால் வேதியியலில் ஒன்றை ஒட்டவைக்க முடியாதா? முடியும். ஆனால் அதில் ஆபத்து உண்டு. அதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டாம், அதே வாலும் வானியும் 1966-இல் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்த கேம்ப்டோதெசின் போதும். (நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் இந்தப் பொருள் இருக்கிறது.) அதுவும் கரையாத மருந்து. எனவே மூலக்கூறின் ஒரு வளையத்தைத் திறந்து சோடியம் உப்பாக மாற்றினார்கள். அருமையாகக் கரைந்தது. 1970-களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அந்த வளையம் மூடியிருந்தால்தான் அது மருந்து. திறந்துவிட்டால் வீரியம் போய்விடும். போதாக்குறைக்கு, சிறுநீரின் அமிலத்தன்மையில் வளையம் மறுபடி மூடிக்கொண்டு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைத்தது. சோதனைகள் நின்றன. வளையத்தைக் கெடுக்காமல் கரையும் வடிவங்களான டோப்போடெகனும் இரினோடெகனும் அமெரிக்காவில் அனுமதி பெற 1996 ஆகிவிட்டது. கரைக்க வேண்டும் என்ற அவசரத்தில் மருந்தையே இழக்கலாம் என்ற பாடத்துக்கு நோயாளிகள் கொடுத்த விலை அது.

பேக்லிடாக்சலுக்கு வேறு வழியைத் தேர்ந்தார்கள். மூலக்கூறைத் தொடவில்லை. அதைக் கரைக்கக்கூடிய ஒரு கலவையைக் கண்டுபிடித்தார்கள். கிரிமோஃபோர் ஈ.எல். என்ற எண்ணெய்ப் பொருள் பாதி, ஆல்கஹால் பாதி. இந்தக் கிரிமோஃபோர், நாம் விளக்கெண்ணெய் என்று சொல்லும் ஆமணக்கெண்ணெயை எத்திலீன் ஆக்சைடோடு வினைபுரியவைத்துத் தயாரிப்பது. 

இப்போது நாம் தொடங்கிய கணக்குக்குத் திரும்புங்கள். விற்பனைக்கு வந்த மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம் பேக்லிடாக்சலும் 527 மில்லிகிராம் கிரிமோஃபோரும் உண்டு. அந்தப் பெண்மணிக்கு 280 மில்லிகிராம் மருந்து கொடுக்க ஏறத்தாழ 47 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். அதோடு சேர்ந்து கிட்டத்தட்ட 25 கிராம் கிரிமோஃபோரும் 23 மில்லிலிட்டர் ஆல்கஹாலும் அவர் ரத்தத்தில் இறங்கும். மருந்தைப் போல 88 மடங்கு எடை, மருந்தைத் தூக்கிவரும் பொருளுக்கு!

விளைவு என்ன? 1984-இல் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியதும் நோயாளிகளுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. முகம் சிவந்தது, ரத்த அழுத்தம் விழுந்தது, மூச்சு அடைத்தது. உயிரிழப்பும் நேர்ந்தது. இதற்குப் பெரும்பாலும் காரணம் கிரிமோஃபோர்தான் என்று கருதினார்கள். மருந்தையே கைவிட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கைவிடாமல், மெதுவாக ஏற்றுவது, ஏற்றுமுன் ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகளும் கொடுப்பது என்று முறையை மாற்றித் தொடர்ந்தார்கள். 1989-இல் வேறு சிகிச்சைகளெல்லாம் பார்த்து முடித்திருந்த சினைப்பைப் புற்றுநோயாளிகளில் 30 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியதாக முடிவு வந்தது. 1992 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நம் நாட்டுப் பட்டியலிலும் பேக்லிடாக்சல் இருக்கிறது.

கீமோ வார்டில் இந்த மருந்து ஏறும்போது கவனித்துப் பாருங்கள். வழக்கமான பி.வி.சி. பையில் அதைக் கலக்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டைக் கிரிமோஃபோர் கரைத்து எடுத்துவந்துவிடும். கண்ணாடி பாட்டிலோ வேறு வகைப் பையோதான் கம்பியில் தொங்கும். குழாயும் தனி ரகம், நடுவில் ஒரு நுண்வடிகட்டி இருக்கும். மூன்று மணி நேர டிரிப். முதல் பத்து நிமிடம் நர்ஸ் பெரும்பாலும் கட்டிலைவிட்டு நகர மாட்டார். நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், ஏனென்றால் ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் முதலாவது அல்லது இரண்டாவது தடவையில், அதுவும் ஆரம்ப நிமிடங்களில்தான் வரும். முன்கூட்டிக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டால் நீரிழிவு உள்ளவருக்கு அன்று சர்க்கரை எகிறும், இரவில் தூக்கம் வராது. இதில் பெரும்பகுதி புற்றுநோயால் வந்த துன்பம் அல்ல, மருந்தால் வந்ததும் அல்ல. கரைப்பானால் வந்தது. இந்த ஒரு காட்சியை மனதில் இருத்திக்கொண்டால் நானோ மருந்து எதற்காகப் பிறந்தது என்பது விளங்கிவிடும்.

கரைப்பானே இல்லாமல் செய்ய முடியுமா? முடியும், துகளைச் சிறிதாக்கினால். பெரிய கற்கண்டு தண்ணீரில் கிடந்து மெல்லக் கரைகிறது, பொடித்த சர்க்கரை போட்டதும் கரைகிறது. தண்ணீர் தொடும் பரப்பு கூடிவிட்டதுதான் காரணம். கணக்காகவே சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். அதை 100 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் ஒரு லட்சம் கோடி துண்டுகள் வரும். எடை அதேதான், மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர், ஒரு ஏ4 தாள் அளவு. தவிர, இந்த அளவிலான துகள் மிக மெல்லிய ரத்தநாளத்திலும் அடைத்துக்கொள்ளாமல் போய்வரும். ஆனால் சிறிய துகள்கள் சும்மா இருப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டும்; சின்னது கரைந்து பெரியதன்மேல் படியும்; நாள்பட நாள்படப் பருத்துவிடும். ஆகவே ஒவ்வொரு துகளுக்கும் மேலே ஒரு காப்பு வேண்டும். அந்தக் காப்பு உடலுக்கு அந்நியமாக இல்லாதிருந்தால் இன்னும் நல்லது.

அந்தக் காப்பாக ஆல்புமினைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை நான் இந்தத் துறையின் மிக அழகான யோசனைகளில் ஒன்றாக மதிக்கிறேன். நம் ரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதம் அது. கொழுப்பு அமிலங்கள், பிலிருபின் என்று தண்ணீரில் கரையாதவற்றையெல்லாம் சுமந்து திரிவதே அதன் அன்றாட வேலை. கரையாத மருந்துக்கு அந்நிய எண்ணெயைத் தேடுவானேன், உடம்பே வைத்திருக்கும் சுமைதாங்கியை எடுத்துக்கொள்வோம் என்றார்கள் லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவர் பேட்ரிக் சூன்-ஷியாங்கும் நீல் தேசாயும் அவர்களுடைய குழுவினரும். பேக்லிடாக்சலையும் மனித ஆல்புமினையும் உயர் அழுத்தத்தில் நெருக்கிச் சராசரியாக 130 நானோமீட்டர் துகள்களாக்கினார்கள். ஒரு சிவப்பணுவின் குறுக்களவில் அது அறுபதில் ஒரு பங்கு இருக்கலாம். குப்பியில் 100 மில்லிகிராம் மருந்தும் சுமார் 900 மில்லிகிராம் ஆல்புமினும் உலர்ந்த தூளாக இருக்கும். 20 மில்லிலிட்டர் சலைனை மெதுவாக விட்டு, நுரை வராமல் சுழற்றினால் பால்போல் வரும். கிரிமோஃபோர் இல்லை, ஆல்கஹால் இல்லை. அப்ராக்ஸேன் என்ற பெயரில் 2005 ஜனவரியில், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்கா அனுமதித்தது.

வார்டில் என்ன மாறியது? மூன்று மணி நேரம் அரை மணி நேரமாயிற்று. பொதுவாக முன்மருந்தாக ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. தனிவகைப் பையும் குழாயும் வேண்டாம். சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம் வரை கொடுக்க முடிந்தது. பழைய மருந்தோடு ஒப்பிட்ட மூன்றாம் கட்டச் சோதனையில், கட்டி சுருங்கியவர்கள் 33 விழுக்காடு. பழைய மருந்தில் 19. வெள்ளணுக்கள் மிக மோசமாகக் குறைந்தது 9 விழுக்காட்டினருக்கு, பழையதில் 22. இன்னொரு பக்கமும் உண்டு. கைகால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு கடுமையாக வந்தது 10 விழுக்காட்டினருக்கு, பழையதில் வெறும் 2. நானோ என்றால் பக்கவிளைவே இல்லை என்று யாராவது சொன்னால் இந்தப் பத்தையும் இரண்டையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

அதற்குப் பிறகு வந்த முடிவுகள் ஒரே திசையில் இல்லை. 2013-இல் கணையப் புற்றுநோய்ச் சோதனையில், ஜெம்சிடாபின் என்ற கீமோ மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.7 மாதம்; நானோ மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 8.5 மாதம். ஏறத்தாழ எட்டு வாரம். அந்த நோயின் கொடுமையை அறிந்தவர்களுக்கு அது சிறிது இல்லை. ஜெர்மனியில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்கு முன் கொடுத்த ஆய்வொன்றில் நானோ வடிவம் முந்தியது. 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ, பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு வாரந்தோறும் கொடுத்துப் பார்த்தபோது பழைய பேக்லிடாக்சலை அது மிஞ்சவில்லை, நச்சுத்தன்மைதான் கூடியது. ஆகவே விலை மலிவான பழைய மருந்து பெறுபவர் தாழ்ந்த சிகிச்சை பெறுகிறார் என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. நகையை விற்றாவது நானோதான் போட வேண்டும் என்று துடிக்கும் குடும்பங்களுக்காக இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

கரைப்பானை நீக்க ஆல்புமின் ஒன்றுதான் வழி என்பதில்லை. தென் கொரியாவில் ஒருபுறம் நீரை விரும்பும், மறுபுறம் எண்ணெயை விரும்பும் பாலிமர் இழைகள் தாமே கூடி உருண்டையாகி மருந்தை உள்ளே பொதிந்துகொள்ளும் மைசெல் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். இவற்றைவிட எனக்குப் பிடித்தது, அதிகம் பேசப்படாத ஒரு மாத்திரை: அப்ரெபிடன்ட். கீமோ வாந்தியைத் தடுப்பது. அதுவும் கரையாத பொருள்தான். சாதாரணத் தூளாகக் கொடுத்தால் வயிறு நிறையச் சாப்பிட்டவருக்குத்தான் ஒழுங்காகச் சேரும். வாந்திக்குப் பயந்து ஒரு வாய் சோறு இறங்காமல் இருப்பவரிடம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? மருந்தை நானோ அளவுக்கு அரைத்ததும் சாப்பாட்டைச் சார்ந்திருக்கும் தேவை பெரிதும் குறைந்தது. 2003-இல் சந்தைக்கு வந்தது. கட்டியை அது தொடுவதே இல்லை. ஆனால் நானோ தொழில்நுட்பம் நோயாளிக்கு நேரடியாகச் செய்த உபகாரம் எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இனி, மிகைப்படுத்தல் பற்றி. 1986-இல் ஜப்பானின் குமமோட்டோவில் ஹிரோஷி மயேதாவும் மட்சுமுராவும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். புற்றுக்கட்டியின் ரத்தநாளங்கள் அவசரத்தில் வளர்ந்தவை, சுவரில் ஓட்டை அதிகம், கழிவை வெளியேற்றும் நிணநீர் வடிகாலும் சரியில்லை. ஆகவே பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்கும் என்றார்கள். நல்ல கருத்து, விலங்குகளில் உண்மையாகவும் தெரிந்தது. இதை வைத்துத்தான் நானோ துகள் கட்டியைத் தானே தேடிப்போகும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 2016-இல் டொரான்டோவின் வாரன் சான் குழுவினர் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வெளியான விலங்காய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலையாக 0.7 விழுக்காடு. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! எஞ்சியதில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிவிடுகின்றன. மனிதக் கட்டிகளோ எலிக் கட்டிகளைப்போல் விரைவில் வளர்ந்தவை அல்ல. ஆளுக்கு ஆள், ஒரே உடலில் கட்டிக்குக் கட்டி, நாளத்தின் ஓட்டைகள் வேறுபடும். அப்ராக்ஸேனின் துகளும் ரத்தத்தில் கலந்ததும் சீக்கிரமே சிதைந்து, மருந்து ஏற்கெனவே அங்கிருக்கும் ஆல்புமினோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் வெற்றியை நான் கிரிமோஃபோர் ஒழிந்ததன் வெற்றியாகவே முதன்மையாகப் பார்க்கிறேன்.

ஆய்வுக்கூடங்களில் இருக்கும் இளைய நண்பர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எலியில் கட்டி சுருங்கிய படத்தோடு ஒரு கட்டுரை முடிந்துவிடுகிறது. அந்தத் துகளை அடுத்த மாதமும் அதே அளவில் தயாரிக்க முடியுமா, ஓராண்டு அலமாரியில் இருந்தால் பருக்குமா, கிருமிநீக்கம் தாங்குமா, மாவட்ட மருத்துவமனை வாங்கும் விலையில் வருமா என்ற கேள்விகளுக்குப் பக்கம் ஒதுக்குவதில்லை. மருந்து நோயாளியை அடைவது அந்தக் கேள்விகளின் வழியாகத்தான்.

கடைசியாக மஞ்சள். கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பீர்கள், அதனால் நானே எடுத்துவிடுகிறேன். மஞ்சளின் குர்குமினும் தண்ணீரில் கரையாது. வாயால் உட்கொண்டால் ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் மனிதர்களில் அதன் உட்சேர்க்கை 2000 விழுக்காடு கூடுவதாகக் காட்டினார்கள். ஒன்றுமில்லாததற்குப் பக்கத்திலிருந்து இருபது மடங்கு கூடினாலும் அது கொஞ்சம்தான். இன்று நானோ குர்குமின் என்று புட்டிகள் விற்கின்றன. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ குர்குமின் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெறவில்லை. இன்னொன்று, மிளகின் அந்தப் பொருள் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் தடுக்கக்கூடியது. பேக்லிடாக்சலும் கல்லீரலில் சிதையும் மருந்துதான். சமையலில் போடும் மஞ்சள், மிளகைப் பற்றி நான் பேசவில்லை, செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறேன். கீமோ நடக்கும்போது அப்படி எதையாவது எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பேக்லிடாக்சல் எழுதிக்கொடுத்திருந்தால், அது கிரிமோஃபோர் கலந்ததா ஆல்புமின் கலந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டின் அளவும் வேறு, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக் கூடாது என்று மருந்தோடு வரும் குறிப்பே எச்சரிக்கிறது. பழைய வகையானால், ஏறத் தொடங்கியதும் நெஞ்சு இறுகினாலோ முதுகு வலித்தாலோ முகம் சுட்டாலோ, நர்ஸைத் தொந்தரவு செய்கிறோமே என்று தயங்காமல் அந்தக் கணமே சொல்லுங்கள். டிரிப்பை நிறுத்திச் சரிசெய்ய அவர்களுக்குத் தெரியும். எந்த வகையானாலும் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது, செருப்பு நழுவுவது தெரியவில்லை என்றால், அடுத்த கீமோவுக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ மருத்துவரால் முடியும்.